பாலாறு தீர்ப்பை மேக்கிலேயே சுருக்கினேன்

தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றில் கலந்தது பற்றி 1996-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பை, ஆம்பூர் பக்கம் விவசாயம் பார்க்கும் என் மாமாவுக்கு விளக்க வேண்டியிருந்தது. நீளமான ஆங்கிலம். காட்பாடி வீட்டில் இரண்டு இரவு உட்கார்ந்தும் பாதியைத் தாண்டவில்லை.

ஆப்பிளின் மேக் கணினியில், நீளமான எழுத்தைச் சுருக்கித் தர 'சம்மரைஸ்' என்று ஒரு வசதி உண்டு. என் மெனுவில் அதைக் காணோம். சிஸ்டம் செட்டிங்ஸில் கீபோர்டு, கீபோர்டு ஷார்ட்கட்ஸ், சர்வீசஸ், டெக்ஸ்ட் என்று போய் டிக் செய்ததும் வந்துவிட்டது. அப்புறம் இன்னொரு சிக்கல். பிடிஎஃப்பிலிருந்து எடுத்த வரிகள் பாதியில் உடைந்திருந்ததால் சுருக்கமும் துண்டு துண்டாக வந்தது. மேக்கில் எழுதப் பயன்படும் டெக்ஸ்ட்எடிட் செயலியில் ஒட்டி, வரிகளைச் சேர்த்த பிறகு சரியானது.

இது புதிதாக எதையும் எழுதாது. முக்கியமென்று கணக்கிடும் வாக்கியங்களை அப்படியே பொறுக்கி எடுக்கும். அளவைக் கூட்டிக் குறைக்க ஒரு ஸ்லைடர் இருக்கிறது. நான் ரொம்பக் குறைத்தபோது, தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் என்ற வரியே போய்விட்டது. மாமா கேட்கப்போகும் முதல் கேள்வியே அதுதான்! அதனால் முன்பகுதிக்குச் சுருக்கத்தை வைத்துக்கொண்டு, உத்தரவுகள் வரும் கடைசிப் பகுதியை ஒரு வரி விடாமல் நானே படித்தேன். தீர்ப்புகளில் அந்தப் பகுதியை எந்தக் கருவியிடமும் விடாதீர்கள்.

மாசுபடுத்தியவரே நஷ்டஈடு தர வேண்டும் என்று அதில் இருப்பதை ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். "இதைத் தமிழில் எழுதிக் கொடு மாப்பிள்ளை, ஊரில் நாலு பேருக்குக் காட்டுகிறேன்" என்றார் மாமா.