வீடு கட்டும் இடத்துக்குப் புது ஈபி இணைப்பு வாங்குவது எப்படி?

பூமி பூஜைக்கு நாள் குறித்தாயிற்று, கொத்தனாரிடம் பேசியாயிற்று, செங்கல் மணல் விலையும் விசாரித்தாயிற்று. கரண்டுக்கு மட்டும் "பக்கத்து வீட்டில் கேட்டுக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுகிறோம். தமிழ்நாட்டில் முதல் முறையாக வீடு கட்டுகிறவர்களில் பலர் இப்படித்தான் தொடங்குகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வீட்டுக்காகக் கொடுத்த இணைப்பிலிருந்து கட்டுமானத்துக்குக் கரண்ட் எடுப்பது, 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆவது பிரிவின்படி அனுமதி இல்லாத பயன்பாடு. உரிய கட்டணத்தைப் போல் இரு மடங்கு போடுவார்கள். அந்த பில் உங்கள் பெயரில் வராது, உதவி செய்த பக்கத்து வீட்டுக்காரர் பெயரில் வரும்.

முதலில் அண்ணாந்து பாருங்கள்

மனைக்கு மேலேயோ ஓரமாகவோ மின்கம்பி போகிறதா என்று பாருங்கள். தெருவில் ஓடும் சாதாரண கம்பியாக இருந்தால் கட்டடத்துக்கும் அதற்கும் பக்கவாட்டில் 1.2 மீட்டர், மேலாக 2.5 மீட்டர் இடைவெளி வேண்டும். 11 கேவி லைன் என்றால் மேலாக 3.7 மீட்டர். தளம் போட்ட பிறகு இது தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது. இப்போதே தெரிந்தால் கம்பியை மாற்றித் தரும்படி பணம் கட்டிக் கேட்கலாம், அல்லது வரைபடத்தைத் திருத்திக்கொள்ளலாம்.

கையோடு பக்கத்துப் போஸ்ட் எவ்வளவு தூரம் என்பதையும், சர்வீஸ் வயர் இன்னொருவர் மனையைக் கடந்து வர வேண்டுமா என்பதையும் பாருங்கள். நடுவில் போஸ்ட் நட வேண்டியிருந்தால் செலவும் கூடும், நாளும் கூடும்.

தற்காலிக இணைப்புக்கு விண்ணப்பம்

விண்ணப்பம் இணையத்தில்தான். மின்வாரியத்தின் பகிர்மான வேலையை 2024 முதல் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் பார்க்கிறது. அதன் தளத்தில் தாழ்வழுத்தப் புது இணைப்பு என்ற பகுதிக்குப் போங்கள். கட்டுமானத்துக்கு என்றால் தற்காலிக இணைப்பைத் தேர்ந்தெடுங்கள். ஆதார், பத்திரம் அல்லது சொத்து வரி ரசீது, புகைப்படம் ஆகியவற்றை ஸ்கேன் செய்து தயாராக வைத்திருங்கள். மனை கூட்டாக இருந்தால் மற்றவர்களின் சம்மதக் கடிதம் வேண்டும். அப்பா பெயரில் இருந்து அவர் இப்போது இல்லையென்றால் வாரிசுச் சான்றிதழ் இல்லாமல் நகராது. அதை வாங்கத்தான் நாள் ஆகும், முதலில் அதைத் தொடங்குங்கள்.

கைபேசி எண்ணை உங்களுடையதாகவே கொடுங்கள். ஏஜென்டின் எண்ணைக் கொடுத்தால் எல்லாத் தகவலும் அவருக்குப் போகும், நீங்கள் அவரிடம் கேட்டுக்கொண்டே நிற்க வேண்டும்.

அப்புறம் பிரிவு அலுவலகத்திலிருந்து இடத்தைப் பார்க்க வருவார்கள். அன்று நீங்கள் அங்கே இருங்கள். கட்ட வேண்டிய தொகையைப் பதிவுக் கட்டணம், இணைப்புக் கட்டணம், வளர்ச்சிக் கட்டணம், காப்புத்தொகை என்று பிரித்துக் காட்டுவார்கள். எல்லாவற்றையும் இணையத்தில் கட்டி ரசீதை எடுத்து வையுங்கள். ரசீது இல்லாத எந்தத் தொகைக்கும் நீங்கள் கடமைப்பட்டவர் அல்ல.

மத்திய அரசு 2024 பிப்ரவரியில் திருத்திய நுகர்வோர் உரிமை விதிகளின்படி, விண்ணப்பம் முழுமையாக இருந்து புதிதாக லைன் இழுக்கத் தேவையில்லை என்றால் இணைப்பு தர வேண்டிய காலம் பெருநகரத்தில் 3 நாள், மற்ற நகராட்சிப் பகுதிகளில் 7 நாள், கிராமத்தில் 15 நாள், மலைக்கிராமத்தில் 30 நாள். தாமதமானால் விண்ணப்ப எண்ணோடு மின்னகம் என்ற மின் புகார் மையத்தை 94987 94987 என்ற எண்ணில் கூப்பிட்டுப் பதிவு செய்யுங்கள்.

தற்காலிக இணைப்பில் யூனிட்டுக்கு 12 ரூபாய்க்கு மேல் ஆகும். வீட்டுக்குக் கிடைக்கும் 100 இலவச யூனிட்டும் இதற்குக் கிடையாது. கலவை மெஷின், வைப்ரேட்டர், போர் மோட்டார் எல்லாம் இதில்தான் ஓடும் என்பதால் செலவுக் கணக்கில் இதையும் சேருங்கள்.

எர்த்

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று படியுங்கள். எங்கள் வீட்டு வேலையின்போது மோட்டார் வயர் ஈர மணலில் கிடந்தது. எங்கேயோ உறை உரிந்திருந்தது. தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த அக்காவுக்கு ஷாக் அடித்துத் தூக்கிப் போட்டது. உயிர் தப்பினார். அன்றைக்கு அவர் கை நடுங்கிக்கொண்டே இருந்ததை நான் இன்னும் மறக்கவில்லை. மறுநாளே கசிவு மின்னோட்டத்தைக் கண்டு துண்டிக்கும் ஆர்சிசிபியை மாட்டினேன். முதல் நாளே மாட்டியிருக்க வேண்டும்.

ஈரமும் இரும்புக் கம்பியும் வெறுங்காலும் சேரும் இடம் கட்டுமானத் தளம். அதனால் மீட்டர் போர்டிலேயே 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கட்டும். எம்சிபி மட்டும் போதாது. அது வயர் சூடாகாமல் காக்கும், ஆளைக் காக்காது. 2.5 மீட்டர் நீள ஜிஐ குழாயை எப்போதும் ஈரம் இருக்கும் இடத்தில் இறக்கி, சுற்றிக் கரியும் உப்பும் போட்டு எர்த் அமையுங்கள். வயரைத் தரையில் விடாமல் கம்பத்தில் கட்டி மேலே கொண்டுபோகச் சொல்லுங்கள். ஆர்சிசிபியில் ஒரு டெஸ்ட் பொத்தான் இருக்கும். வாரம் ஒரு முறை அழுத்துங்கள். சுவிட்ச் தானாக விழுந்து கரண்ட் நிற்கவில்லை என்றால் அன்றே மாற்றுங்கள்.

வீட்டு வயரிங்கும் லோடு கணக்கும்

லோடைக் குறைத்துச் சொன்னால் காப்புத்தொகை குறையும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். ஒரு தாளில் எழுதிக் கூட்டுங்கள்: மின்விசிறி 75 வாட், எல்இடி பல்பு 10, மிக்சி 750, இஸ்திரிப்பெட்டி 1000, ஒன்றரை டன் ஏசி சுமார் 1700, கீசர் 2000, ஒரு எச்பி மோட்டார் 746. இரண்டு ஏசி, கீசர், மோட்டார் என்று வந்தாலே ஆறு கிலோவாட்டைத் தாண்டிவிடும். அப்படியானால் மூன்று ஃபேஸ் கேளுங்கள்.

விளக்குக்கு 1.5, பவர் பிளக்குக்கு 2.5, ஏசிக்கும் கீசருக்கும் 4 சதுர மில்லிமீட்டர் வயர். நியூட்ரல் கறுப்பு, எர்த் பச்சை. வயரிங்கை உரிமம் உள்ள மின் ஒப்பந்ததாரரிடம் கொடுங்கள். முடித்ததும் வயரின் காப்பைச் சோதிக்கும் மெகர் என்ற கருவியை வைத்துச் சோதித்து அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான். சோதனையை உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள்.

மீட்டர் போர்டு மழை படாத இடத்தில், ரீடிங் எடுப்பவர் வீட்டுக்குள் வராமலே பார்க்கும்படி, கண் உயரத்தில் இருக்கட்டும்.

மீட்டர் மாட்டும் நாளும் அதற்குப் பிறகும்

மீட்டர் எண்ணையும் தொடக்க ரீடிங்கையும் அங்கேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள். இணைப்பு எண்ணில் மண்டலம், பிரிவு, பகிர்மானம், உங்கள் இணைப்பு என்று வரிசையாக இருக்கும். அட்டையில் பெயரும் எண்ணும் சரியா பாருங்கள்.

வீடு முடிந்ததும் பலர் மறக்கிற வேலை ஒன்று உண்டு. தற்காலிக இணைப்பு தானாக வீட்டு இணைப்பாக மாறாது. கட்டண வகை மாற்றத்துக்கு நீங்கள்தான் இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பெரிய கட்டடம் என்றால் கட்டுமான நிறைவுச் சான்று கேட்பார்கள். கிரகப் பிரவேசத்துக்குச் சில வாரம் முன்பே போட்டுவிடுங்கள். இல்லையென்றால் குடியேறிய பிறகும் ஃபேனுக்கும் ஃபிரிட்ஜுக்கும் கட்டுமான விலையே ஓடும். மாற்றிவிட்டோம் என்று சொன்ன பிறகு வரும் முதல் பில்லை எடுத்து, கட்டண வகை வீட்டுக்குரிய ஒன்று-ஏ என்று இருக்கிறதா, 100 யூனிட் கழித்திருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த பில்லோடு பிரிவு அலுவலகத்துக்குப் போய் எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.