உறைக்குள் வெட்டுப்பட்ட அட்டை

பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தரச்சான்று ஒட்டிய பழைய பேஸ்பால் அட்டையைக் கையில் எடுத்தால், மேலே இருக்கும் மதிப்பெண்ணை முதலில் கட்டைவிரலால் மறைத்துக்கொள்வேன். அதை நம்பித்தான் ஒருமுறை மூன்று மாதச் சேமிப்பைத் தொலைத்தேன். 1909 முதல் 1911 வரை சிகரெட் பெட்டிகளில் வந்த டி206 வரிசை அட்டை அது. இரண்டு வருடம் கழித்துப் பழைய ஏலப் பட்டியல் ஒன்றில் அதையே பார்த்தேன். ஆட்டக்காரரின் காலருக்குக் கீழே அதே அச்சுப் பிசிறு. ஆனால் அந்தப் படத்தில் மூலைகள் மழுங்கி, வெள்ளை ஓரம் சற்று அகலமாக இருந்தது. மூலை கூர்மையாகத் தெரிய, இடையில் யாரோ ஓரத்தை வெட்டிவிட்டார்கள்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அட்டைகளுக்குத் தரச்சான்று தரும் பிஎஸ்ஏ நிறுவனம் 1991இல் முதன்முதலாகத் தரம் பிரித்த அட்டையே ஆட்டக்காரர் ஹோனஸ் வாக்னரின் டி206தான். கிடைத்த மதிப்பெண் பத்துக்கு 8. அதன் ஓரத்தை வெட்டியது தான்தான் என்று ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ 2013இல் ஒப்புக்கொண்டார்.

அளவுகோலை அதிகம் நம்பாதீர்கள். டி206 ஏறக்குறைய 1 7/16 அங்குல அகலம், 2 5/8 அங்குல உயரம். ஆனால் அன்றைய வெட்டே சீரில்லாதது. பின்புறம் 'அமெரிக்கன் பியூட்டி' சிகரெட் விளம்பரம் உள்ளவை பிறவியிலேயே ஒடுங்கியவை. போதாததற்கு, கெட்டிக்கார மோசடிக்காரர் அன்றே பெரிதாக வெட்டப்பட்ட அட்டையைத் தேடிப் பிடித்துத்தான் கத்தியை எடுப்பார்.

விளிம்புதான் காட்டிக்கொடுக்கும். பத்து மடங்கு லென்ஸை எடுத்து, உறையைச் சாய்த்து, நான்கு பக்கத்தையும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். நூறு வருடம் கைபட்ட விளிம்பு பழுப்பேறி, நார் லேசாகப் பிரிந்திருக்கும். மூன்று பக்கம் அப்படியிருக்க நான்காவது மட்டும் வெளிறிக் கூர்மையாக இருந்தால் சந்தேகப்படுங்கள். மூலைக்கு அருகில் கோடு லேசாக வளைந்தால் கத்தி வழுக்கியிருக்கலாம்.

டாப்ஸ் நிறுவனத்தின் 1971 பேஸ்பால் அட்டைகளுக்குக் கறுப்பு ஓரம். தொட்டாலே உதிர்ந்து வெள்ளை தெரியும், அதனால் பேனாவால் பூசிவிடுவார்கள். அச்சுக் கறுப்பு முகப்போடு நின்றுவிடும். பேனா மை காகிதத்தின் பக்கவாட்டிலும் ஊறியிருக்கும். ஐம்பது வருடமாகியும் ஓரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளிகூட இல்லாத அட்டையைக் கண்டால் எனக்குப் பயம்தான் வருகிறது.

புற ஊதா விளக்கும் உதவும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய காகிதத்தில் வெண்மையூட்டும் ரசாயனம் கிடையாது. டி206இன் ஒரு மூலை மட்டும் நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் அங்கே புதுக் காகிதக்கூழ் ஒட்டியிருக்கலாம். உறையும் ஒளிரக்கூடும் என்பதால், அதே வகை உறையிலுள்ள வேறொரு டி206ஐப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மடிப்பை அழுத்தி மறைத்திருந்தால், டார்ச்சைப் பக்கவாட்டில் பிடிக்கும்போது மையில் முறிந்த கோடு தெரியும்.

இவை எல்லாவற்றையும்விட நான் நம்புவது பழைய ஏலப் படங்களை. அச்சுப் பிசிறை அடையாளமாக வைத்துத் தேடுங்கள். மூலையும் ஓரமும் மாறலாம், நடுவில் விழுந்த மைப்புள்ளி மாறாது.

சந்தேகம் வந்ததும் உறையை உடைத்து அளக்கக் கை துறுதுறுக்கும். உடைக்காதீர்கள். ஈடு கேட்கப் போனால், இதே அட்டைதான் உள்ளே இருந்தது என்பதற்கு அந்த உறைதான் சாட்சி. நான் உடைத்தேன். உயரம் 1/32 அங்குலம் குறைந்திருந்தது.