மலாக்காவுக்குப் போனால் சிவப்புக் கட்டடத்தோடு திரும்பிவிடாதீர்கள்

மலேசியாவில் இருக்கும் மலாக்காவுக்குப் போய்விட்டு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் காட்டுவது ஒரே போட்டோதான். பின்னால் சிவப்புக் கட்டடம், பக்கத்தில் மணிக்கூண்டு, முன்னால் பொம்மையெல்லாம் ஒட்டிக் காது கிழியப் பாட்டுப் போடும் ரிக்‌ஷா. டூர் பஸ் கொண்டுவந்து இறக்கும், ஒரு மணி நேரம் கொடுப்பார்கள், சாப்பாடு, மறுபடி பஸ். இந்த ஊரை அப்படிப் பார்க்க முடியாது. இங்கே முக்கியமானதெல்லாம் ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஐந்து நிமிடத்தில் நடந்து முடித்துவிடக்கூடிய ஒரு சின்னத் தெருவில் இருக்கிறது. அந்தத் தெருவில் அரை நாள் நிற்கத் தயாராக இருந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

முதலில் நாளைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். நான் முதல் தடவை போனது திங்கட்கிழமை, போன மியூசியம் கதவெல்லாம் பூட்டு, வெயிலில் திண்ணை திண்ணையாக உட்கார்ந்துவிட்டு வந்தேன். ஜோங்கர் ஸ்ட்ரீட் இரவுச் சந்தை வெள்ளி, சனி, ஞாயிறு மாலைகளில்தான். ஆனால் சனி, ஞாயிறில் கூட்டம் தள்ளும், பகலில் எதையும் நின்று பார்க்க முடியாது. அதனால் வியாழன் காலை போய்ச் சேர்ந்து சனிக்கிழமை காலை கிளம்புவது என் கணக்கு. கோலாலம்பூரில் டிபிஎஸ் பஸ் நிலையத்திலிருந்து மலாக்கா சென்ட்ரல் வரை சுமார் 2 மணி நேரம், அங்கிருந்து பழைய ஊருக்குள் டவுன் பஸ்ஸோ, கிராப் என்ற போன் ஆப்பில் கூப்பிடும் டாக்ஸியோ.

வரலாறு ரொம்ப வேண்டாம், நான்கு வரி போதும். 1400 வாக்கில் பரமேசுவரன் இங்கே துறைமுக ராஜ்யத்தைத் தொடங்கினான். 1511இல் போர்த்துகீசியர் பிடித்தார்கள், 1641இல் டச்சுக்காரர்கள், டச்சுக்காரர்களோடு போட்ட 1824 ஒப்பந்தத்தோடு முழுசாக ஆங்கிலேயர். இதற்கெல்லாம் நடுவில், ஆட்சி யாருடையதாக இருந்தாலும், தமிழ் வியாபாரியும் சீன வியாபாரியும் குஜராத்தியும் ஜாவாக்காரரும் கடை திறந்து மூடிக்கொண்டு இருந்தார்கள். சுல்தான் காலத்தில் வெளிநாட்டு வணிகர்களைக் கவனிக்க ஷாபந்தர் என்ற துறைமுக அதிகாரிகள் நான்கு பேர் இருந்தார்கள், அதில் சோழமண்டலக் கரையிலிருந்து வருகிறவர்களைக் கவனிக்கவும் ஒருவர் இருந்தார். நம் ஆட்கள் இங்கே வேடிக்கை பார்க்க வந்தவர்கள் இல்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டு நடங்கள், ஊர் வேறு மாதிரி தெரியும்.

சரி, தெருவுக்கு வருவோம். பெயர் ஜாலான் துக்காங் எமாஸ், அதாவது பொற்கொல்லர் தெரு. வியாழன் மாலை 4 மணிக்கு மேல் போங்கள், வெயில் இறங்கியிருக்கும். முதலில் பொய்யாத விநாயகர் கோயில். 1781இல் கட்டியது, நிலம் டச்சு அரசு கொடுத்தது, வாங்கியவர் மலாக்கா செட்டிகளின், அதாவது இந்த ஊரிலேயே தங்கிவிட்ட தமிழ் வணிகர் வம்சத்தின், தலைவராக இருந்த தெய்வநாயகம் செட்டி. இப்போது நிர்வாகம் நகரத்தார் கையில். மாசி மகத்துக்கு வந்தால் இங்கிருந்து ரதம் கிளம்பும். உயர்ந்த கோபுரம் எதிர்பார்க்காதீர்கள், வாசலைப் பார்த்தால் பழைய வீடு மாதிரிதான் இருக்கும், தேடிக்கொண்டே தாண்டிப் போய்விடுவீர்கள்.

அடுத்து கம்போங் கிளிங் பள்ளிவாசல். இங்கேதான் நான் உங்களை அதிக நேரம் நிற்கச் சொல்வேன். 1748இல் இந்திய முஸ்லிம் வணிகர்கள் மரத்தில் கட்டியது, 1872இல் செங்கல்லில் எடுத்துக் கட்டினார்கள். உள்ளே போகும் முன் எதிர்ப்பக்கம் நின்று மினாராவைப் பாருங்கள். அடுக்கடுக்காகப் போகும் அது சீனப் பகோடா மாதிரி இருக்கும். பள்ளிவாசலின் கூரையில் வழக்கமான குவிமாடம் இல்லை, மூன்று அடுக்குப் பிரமிடு, அது இந்தப் பக்கத்து மலாய், ஜாவானிய வேலை. உள்ளே தூண்களின் தலைப்பகுதியில் ஐரோப்பியக் கொரிந்தியன் இலைகள், தொங்குவது விக்டோரியா காலத்துச் சரவிளக்கு, சுவரிலும் தரையிலும் கப்பலில் வந்த மினுமினுக்கும் ஓடுகள். மிம்பரில், அதாவது பிரசங்க மேடையில் உள்ள மரச்செதுக்கலை நம் ஊர்த் தேர் பார்த்துப் பழகிய கண்ணோடு பாருங்கள், கை யாருடையது என்று சந்தேகம் வரும். இதையெல்லாம் யாரும் ஒற்றுமைக்காகத் திட்டம் போட்டுச் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை, ஊரில் இருந்த நல்ல ஆசாரியைக் கூப்பிட்டிருப்பார்கள், அவருக்குத் தெரிந்ததை அவர் செய்திருப்பார். தொழுகை நேரத்திலும் வெள்ளி மதியமும் போகக் கூடாது, முழங்கால் தெரியும் உடை கூடாது, பெண்கள் தலையை மூட ஒரு துப்பட்டா கையில் வைத்துக்கொள்ளுங்கள். பெயரில் உள்ள 'கிளிங்' என்ற சொல்லை இன்று இந்தியரைப் பார்த்துச் சொன்னால் அது வசை. கலிங்கம் என்ற சொல்லிலிருந்து பிறந்து, அந்தக் காலத்தில் நம் கரையிலிருந்து வந்த எல்லோரையும் குறித்த சாதாரணப் பெயர் அது. அதனால் பலகையைப் பார்த்துக் கோபப்பட வேண்டாம்.

இன்னும் சில அடி நடந்தால் செங் ஹூன் தெங், மலேசியாவின் மிகப் பழைய சீனக் கோயில், 17ஆம் நூற்றாண்டு. கோயிலின் முக்கியத் தெய்வம் கருணைத் தேவதை குவான் யின். நிமிர்ந்து கூரை முகட்டைப் பாருங்கள். அங்கே இருக்கும் பூ, பறவை, ஆள் உருவம் எல்லாம் பீங்கான் கிண்ணங்களை வெட்டித் துண்டு துண்டாக ஒட்டிச் செய்தவை. கிண்ணத்தின் வளைவு அப்படியே இதழின் வளைவாகிவிடுகிறது. போனில் ஜூம் வசதி இருந்தால் இதற்குப் பயன்படுத்துங்கள்.

வெள்ளி காலை செயின்ட் பால் குன்று. 8 மணிக்கே ஏறிவிடுங்கள், படி கொஞ்சம்தான், ஆனால் 10 மணிக்கு மேல் வியர்த்து ஊற்றும். மேலே இருப்பது 1521இல் போர்த்துகீசியர் கட்டிய தேவாலயம், கூரை இல்லை. சுவரோரம் ஆளுயர டச்சுக் கல்லறைக் கற்கள் சாத்தி வைத்திருக்கும். பிரான்சிஸ் சேவியரின், அதாவது நம் சவேரியாரின் உடல் கோவாவுக்குப் போகும் முன் 1553இல் இங்கேதான் இருந்தது, அந்தக் குழி கம்பி வலைக்குள் இருக்கிறது. வெளியே அவர் சிலைக்கு வலது கை இல்லை. 1952இல் சிலையை வைத்த மறுநாள் மரம் விழுந்து உடைந்தது என்பார்கள். அவர் உடலிலிருந்தும் வலது முன்கையை 1614இல் வெட்டி ரோமுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள், அதனால் இந்தக் கதைக்கு இங்கே மவுசு அதிகம். கடல் ஏன் இவ்வளவு தள்ளி இருக்கிறது என்று தோன்றும், கடலைத் தூர்த்து நிலமாக்கியதுதான் காரணம். மறுபக்கம் இறங்கினால் கோட்டையில் மிச்சமிருக்கும் ஒற்றை வாசல். கோட்டையை இடித்தது ஆங்கிலேயர், இந்த வாசலாவது தப்பியதற்கு ராஃபிள்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரியைக் காரணமாகச் சொல்வார்கள். கோட்டை கட்டியது போர்த்துகீசியர், ஆனால் நெற்றியில் 1670 என்று எழுதி முத்திரை வைத்தது டச்சுக்காரர்கள்.

சிவப்புக் கட்டடத்தையும் பார்த்துவிடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதன் பெயர் ஸ்டாட்ஹைஸ், டச்சுக்காரர்கள் 1650 வாக்கில் கட்டியது, பக்கத்துக் கிறிஸ்து ஆலயம் 1753இல் முடிந்தது, இரண்டுக்கும் சிவப்பு பின்னால் வந்த நிறம். ஆலயத்துக்குள் தரையைப் பார்த்து நடங்கள், மிதிக்கிற கல்லில் எழுத்து இருக்கும். ரிக்‌ஷா உங்கள் இஷ்டம்.

மதிய வெயிலுக்கு ஹீரன் ஸ்ட்ரீட் நல்லது. முன்னால் குறுகலாக, உள்ளே போய்க்கொண்டே இருக்கும் வீடுகள். ஒரு காலத்தில் ஒரு பக்கத்து வீடுகளின் கொல்லையில் கடல் இருந்தது. பாபா நோன்யா என்ற, இந்த மண்ணிலேயே ஊறிப்போன சீன வம்சத்தினரின் வீடுதான் இப்போது பாபா நோன்யா மியூசியம், அங்கே வழிகாட்டியோடு போங்கள், மாடித் தரையில் இருக்கும் சின்னத் துளையைக் காட்டச் சொல்லுங்கள். வாசலில் வந்து நிற்பது யார் என்று மேலே இருந்தே பார்ப்பதற்கு. வெளியே வந்ததும் ஒரு செண்டோல், தேங்காய்ப்பாலும் ஐஸும் போட்ட இனிப்பு. அதில் ஊற்றும் குலா மலாக்கா வெல்லம் தென்னையிலிருந்து எடுப்பது, நம் கருப்பட்டிக்கு உறவுக்காரன்.

அப்புறம் ஒரு கிராப் பிடித்து கஜா பெராங் போங்கள், மலாக்கா செட்டிகள் குடியிருக்கும் இடம். சுல்தான் காலத்தில் வந்து இங்கேயே பெண் எடுத்துத் தங்கிவிட்ட தமிழ் வணிகர்களின் வழி வந்தவர்கள். மாரியம்மனைக் கும்பிடுவார்கள், பெயருக்குப் பின்னால் பிள்ளை, நாயக்கர் என்று வரும், பெண்கள் கட்டுவது சாரோங் கெபாயா, வீட்டில் பேசுவது மலாய். ஜனவரியில் போகி சமயத்தில் முன்னோருக்கு வாழையிலையில் படையல் போடுவார்கள், பர்ச்சு என்பார்கள். தயவுசெய்து யாரிடமும் "தமிழ் தெரியாதா?" என்று கேட்டுவைக்காதீர்கள், நம் ஆட்கள் செய்கிற பெரிய தப்பு இதுதான். அது வீடுகள் உள்ள இடம், படம் எடுக்கும் முன் அனுமதி கேளுங்கள். சின்ன மியூசியம் ஒன்று இருக்கிறது, அதிலிருந்து தொடங்கினால் பேச்சுக் கொடுக்க எளிது.

நடக்கும்போது மலாய் போர்டுகளைப் படித்துக்கொண்டே போவதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கெடாய் என்றால் கடை. கப்பால் என்றால் கப்பல். குளத்துக்குக் கோலாம்.

இதே விளையாட்டு திரும்பி வருவதை அன்று இரவு உஜோங் பாசிர் போர்த்துகீசியக் குடியிருப்பில் பார்க்கலாம். கடலோரச் சாப்பாட்டுக் கடைகள், காரமான டெவில் கறி. அங்கே கிறிஸ்தாங் மக்கள் பேசுவது போர்த்துகீசியத்திலிருந்து வந்த மொழி. மேசையைத் தட்டிக் காட்டி அவர்கள் மொழியில் என்னவென்று கேளுங்கள், பிறகு ஜன்னலைக் காட்டிக் கேளுங்கள். மேசா, ஜனேலா என்று பதில் வரும். அதே போர்த்துகீசியர் நம் கரையிலும் இறக்கிவிட்டுப் போன சொற்கள். ஜூன் கடைசியில் போனால் சான் பெத்ரோ திருவிழா, படகுகளை அலங்கரித்து வைத்திருப்பார்கள்.

அங்கிருந்து திரும்பி வந்தாலும் ஜோங்கர் சந்தை விழித்துத்தான் இருக்கும். ஊருக்கு வந்து இறங்கியவுடனேயே சனிக்கிழமை பஸ் டிக்கெட்டை எடுத்து வைத்துவிடுங்கள், வார இறுதியில் நின்ற இடத்தில் கிடைக்காது.