குசினிக்குள் கரண்ட்: முதலில் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள்

இலங்கையின் வன்னியில் பரந்தன், தர்மபுரம், விசுவமடுப் பக்கம் வீட்டு வயரிங் வேலை செய்கிறவன் நான். பில் கூடிவிட்டது என்று கூப்பிட்டாலும் சரி, ஏதோ கருகி மணக்கிறது என்று கூப்பிட்டாலும் சரி, நான் முதலில் போய்ப் பார்க்கிற இடம் குசினிதான். லைற்றும் ஃபேனும் பெரிதாக இழுப்பதில்லை. சூடாக்குகிற சாமான்கள்தான் இழுக்கும். கேத்தல் 1500 முதல் 2200 வாற்ஸ், இண்டக்ஷன் அடுப்பு 2000, றைஸ் குக்கர் 700 அளவில்.

ஒரு சோதனையை இன்றைக்கே செய்யலாம். கேத்தல் கொதித்து முடிந்ததும் சுவிச்சை அணைத்துவிட்டு பிளக்கைக் கழற்றி, அதன் முதுகைத் தொட்டுப் பாருங்கள். பிளக்கின் பித்தளைப் பின்களைத் தொட வேண்டாம், சுட்டுவிடும். லேசான வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடென்றால், பிளக்கைச் செருகுகிற சுவர்ப் பேஸுக்குள் பிடி தளர்ந்திருக்கிறது, இல்லாவிட்டால் பிளக்குக்குள் ஸ்குறூ இளகியிருக்கிறது. தண்ணீருக்குப் போக வேண்டிய சூடு அங்கே தங்குகிறது. அதில் வீணாகிற காசு சொற்பம்தான், பயம் தீயைப் பற்றியது. பேஸ் பழுப்பு நிறமாகியிருந்தால் டேப் சுற்றிச் சமாளிக்காதீர்கள், மாற்றிவிடுங்கள்.

இந்தத் தளர்வு எப்படி வருகிறதென்றால், பாதி வீடுகளில் பேனை மூடியால்தான். சதுர ஓட்டைப் பேஸின் எர்த் வாயைப் பேனை மூடியால் அழுத்தி மற்ற இரண்டு வாய்களையும் திறந்து, அவற்றில் இரண்டு உருண்டைப் பின் பிளக்கைச் செருகிவிடுவார்கள். உருண்டைப் பின் அங்கே ஓரத்தில் மட்டும்தான் தொடும். நாளடைவில் உள்ளே இருக்கிற பித்தளை விரிந்துபோகும். பிறகு சரியான பிளக்கைப் போட்டாலும் அது ஆடும்.

அடுத்தது மல்டி பிளக். 13 ஆம்பியர் பேஸ் 230 வோல்ற்றில் சுமார் 3000 வாற்ஸ்தான் தாங்கும். ஒரே மல்டி பிளக்கில் கேத்தலையும் இண்டக்ஷனையும் போட்டால் 4000 வந்துவிடும். ஃபோன் சார்ஜருக்குத்தான் மல்டி பிளக், சமைக்கிற சாமானுக்குச் சுவர்ப் பேஸ்.

றைஸ் குக்கர் பற்றித்தான் எனக்கு அதிகம் அழைப்பு வரும். "தம்பி, சோறு வேகேல்ல, சுவிச் மட்டும் டக்கெண்டு மேல போகுது." "அக்கா, பானையைத் தூக்கி அடியைப் பாருங்கோ" என்பேன். பெரும்பாலும் ஒரு சோற்றுப் பருக்கை காய்ந்து ஒட்டியிருக்கும். நடுவில் ஸ்பிரிங் மேல் இருக்கிற காந்தம்தான் அங்கே முழு மூளையும். தண்ணீர் இருக்கும்வரை பானையடி 100 பாகைக்கு மேல் அவ்வளவாகப் போகாது. வற்றியதும் சூடு ஏற, காந்தம் பிடியை விட்டுவிடும், சுவிச் மேலே போய்விடும். இடையில் பருக்கை இருந்தால் பானை சரிந்து நின்று, அடியில் சூடாகிற தட்டின் சூடு மேலே ஏறாமல் தேங்கிவிடும். காந்தமும் ஏமாந்துபோகும். ஆகவே அரிசி போட முன்னர் பானையின் அடியையும் தட்டையும் உலர்ந்த துணியால் துடையுங்கள். அரிசியைப் பானையிலேயே கழுவுகிறவர்கள் வெளிப்புற ஈரத்தைக் கட்டாயம் துடைக்க வேண்டும்.

புழுங்கலரிசியை அரை மணித்தியாலம் ஊறவிட்டால் சீக்கிரம் வேகும். வெந்ததும் பிளக்கைக் கழற்றுங்கள். பகல் முழுக்க 'வார்ம்' விளக்கு எரிய விட்டால், இன்னொரு தரம் சோறு சமைக்கிற அளவு கரண்ட் போய்விடும்.

கேத்தலில் ஒரு லீற்றர் கொதிக்க ஏறத்தாழ 0.1 யூனிட். இரண்டு பேருக்குத் தேநீர் என்றால் இரண்டு கோப்பைத் தண்ணீர் போதும். கிணற்றுத் தண்ணீரால் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தால் தேசிக்காய்ப் புளி விட்டுக் கொதிக்கவைத்துக் கழுவுங்கள். இதெல்லாம் சில்லறைக் கணக்கு என்று நினைக்க வேண்டாம். மாதம் 60 யூனிட்டைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே வேறு விலை. 60ஐ ஒட்டி நிற்கிற வீடுகளுக்கு இது பெரிய விசயம்.

மெயின் சுவிச் பெட்டியில், கரண்ட் கசிந்தால் தானாக விழுகிற ட்ரிப் சுவிச்சின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். விழாவிட்டால் அது வெறும் அலங்காரம். கேத்தலைத் தொட்டால் சுள்ளென்றால் அதற்கு மேல் பாவிக்காதீர்கள். எங்கள் பக்கம் ஆடி, ஆவணியில் நிலம் காய்ந்து எர்த் கம்பிக்கு மண்ணோடு பிடிப்புக் குறையும். பாத்திரம் கழுவுகிற தண்ணீரை அந்தப் பக்கம் திருப்பிவிட்டால் கொஞ்சம் உதவும். ஆனாலும் ஒருமுறை அளந்து பார்ப்பதுதான் சரி.

ஐப்பசி, கார்த்திகையில் வானம் கறுக்கும்போதே பிளக்குகளைக் கழற்றிவிடுங்கள். இடி தலைக்கு மேல் வந்த பிறகு தொடப் போக வேண்டாம்.

காஸ் அடுப்பு வைத்திருக்கிறவர்கள் சிலிண்டர் மாற்றிய உடனே இணைப்பில் சவர்க்கார நுரை தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு. குழாயை எலி கடித்திருக்கிறதா என்றும் அப்போதே பாருங்கள், வயலோரத்து வீடுகளில் நிறைய நடக்கிறது. காஸ் காற்றைவிடக் கனமானது, தரையில்தான் தேங்கும். மணம் வந்தால் ரெகுலேற்றரை மூடி, கதவைத் திறந்து, வெளியே வந்துவிடுங்கள். அந்த நேரத்தில் எந்தச் சுவிச்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம்.