வீட்டுக்கு அம்பு வரும் நாள்: புனித செபஸ்தியார் திருவிழாவுக்கு ஆயத்தம் செய்யும் முறை

சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் என எல்லையை ஒட்டிய பாலக்காட்டுக் கிழக்குப் பகுதியில் வாழும் தமிழ்க் கத்தோலிக்கர்களாகிய நாம், 2013 டிசம்பரில் சுல்தான்பேட்டை மறைமாவட்டம் உருவாகும்வரை கோயம்புத்தூர் மறைமாவட்டத்தைச் சேர்ந்திருந்தோம். நம் செபமும் பாட்டும் தமிழிலேயே நடக்கின்றன. அம்பெய்யப்பட்ட மறைசாட்சியான புனித செபஸ்தியாரின் பாடுகளுக்கு அடையாளமாக ஓர் அம்பை வீடுவீடாக எடுத்துச் செல்லும் வழக்கமோ மலையாள அயலாருக்கும் நமக்கும் பொதுவானது. அவர்கள் அதை அம்பு பெருநாள் என்பர். முதன்முறையாக அம்பை வரவேற்கப்போகும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன்.

திருநாள் சனவரி 20. நவநாள் செபத்தை 11ஆம் தேதி தொடங்கினால் 19ஆம் தேதி மாலையில் ஒன்பது நாளும் நிறைவுறும். கேரளக் கத்தோலிக்கத் திருச்சபைகளுள் ஒன்றான சீரோ மலபாரின் பங்குகள் பல தமக்கு வசதியான வார இறுதியில் இவ்விழாவைக் கொண்டாடுவதால், அம்பு எந்த நாளில் எந்தத் தெரு வழியாக வரும் என்பதைப் பங்குத்தந்தையிடமோ அன்பியத்தின் (பங்கில் அருகருகே வாழும் குடும்பங்களின் சிறு குழு) பொறுப்பாளரிடமோ முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள்.

நவநாளில் செபம் சொல்வதோடு நின்றுவிடாமல், ஒவ்வொரு மாலையும் புனிதரின் வாழ்விலிருந்து ஒரு பகுதியைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். இதில் கவனம் தேவை. மிகப் பழைய சான்று மிகச் சுருக்கமானது: 354ஆம் ஆண்டைச் சேர்ந்த உரோமை மறைசாட்சியர் (விசுவாசத்துக்காக உயிர்நீத்தோர்) பட்டியல், சனவரி 20இல் அவர் நினைவு கொண்டாடப்படுவதையும், அவர் அப்பியா நெடுஞ்சாலையை ஒட்டிய நிலத்தடிக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டதையும் காட்டுகிறது. அவர் மிலான் நகரத்தவர் என்று அந்நகரின் ஆயர் புனித அம்புரோசியார் கூறுகிறார். நாம் அறிந்த விரிவான கதை ஐந்தாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட பாடுகளின் வரலாற்றிலிருந்து வருவது. ஆகவே அதைச் சொல்லும்போது "மரபு இவ்வாறு கூறுகிறது" என்று தொடங்குவதே நேர்மை.

அம்மரபின்படி, செபஸ்தியார் பேரரசன் தியோக்கிளேசியனின் மெய்க்காவல் படையில் பணியாற்றிக்கொண்டே, சிறைப்பட்ட கிறிஸ்தவர்களை மறைவாகச் சந்தித்துத் திடப்படுத்தினார். மார்க்குஸ், மார்செல்லியன் என்னும் இரட்டைச் சகோதரர்கள் பெற்றோரின் கண்ணீரைக் கண்டு தளர்ந்தபோது அவர்களை நிலைநிறுத்தியவரும் அவரே. செய்தி வெளிப்பட்டதும், அவரைக் கம்பத்தில் கட்டி அம்பெய்து கொல்லுமாறு பேரரசன் ஆணையிட்டான்.

இங்கேதான் பெரும்பாலோர் கதையை முடித்துவிடுகிறார்கள். அம்புகள் அவரைக் கொல்லவில்லை. அவர் இறந்துவிட்டார் என்று வீரர்கள் விட்டுச்சென்ற பின், காஸ்துலுஸ் என்னும் மறைசாட்சியின் கைம்பெண்ணான ஐரீன், உடலை அடக்கம் செய்ய வந்த இடத்தில் உயிர் இருப்பதைக் கண்டு, தம் வீட்டுக்குக் கொண்டுசென்று காயங்களுக்கு மருந்திட்டுப் பேணினார். நலம் பெற்றவர் தப்பியோடவில்லை. பேரரசன் வரும் வழியில் நின்று, கிறிஸ்தவர்களுக்கு அவன் இழைத்த கொடுமையை நேருக்கு நேராகக் கண்டித்தார். அதன் பிறகே தடிகளால் அடித்துக் கொல்லப்பட்டு, உரோமையின் பெரிய கழிவுநீர்க் கால்வாயில் வீசப்பட்டார். லூசினா என்னும் பெண்மணி உடலை மீட்டு அடக்கம் செய்தார். ஐரீனுக்கென்று நவநாளில் ஒரு மாலை முழுவதையும் ஒதுக்குங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன்.

கொள்ளைநோய்க் காலத்தில் அவரிடம் மன்றாடும் வழக்கமும் பழையது. 680இல் இத்தாலியின் பாவியா நகரில் கொள்ளைநோய் பரவியபோது அவருக்குப் பீடம் எழுப்பப்பட்டதைத் திருத்தொண்டர் பவுல் என்னும் வரலாற்றாசிரியர் குறித்திருக்கிறார்.

அம்பு வரும் நாளில் வாசலைத் தெளித்துக் கோலமிட்டு, முன்னறையில் ஒரு மேசை மீது சிவப்புத் துணி விரியுங்கள். மறைசாட்சியருக்குத் திருச்சபை கொண்டுள்ள நிறம் அதுவே. பாடுபட்ட சுரூபத்தை (சிலுவையில் அறையப்பட்ட இயேசுவின் உருவம்) நடுவில் வைத்து, அதன் கீழே அம்புக்கு ஒரு தட்டும் இருபுறம் மெழுகுதிரியும் இருந்தால் போதும். அலங்காரச் செலவு தேவையில்லை. குடும்பத் தலைவரோ தலைவியோ வாசலில் அம்பை இரு கைகளாலும் பெற்று உள்ளே கொண்டுவர, மத்தேயு நற்செய்தி 10ஆம் அதிகாரம் 28 முதல் 33 வரையுள்ள பகுதியை ஒருவர் வாசிக்கட்டும். உடலைக் கொல்பவர்களுக்கு அஞ்ச வேண்டாம் என்று ஆண்டவர் சொல்லும் பகுதி அது. பின்னர் ஒவ்வொருவரும் அம்பை முத்தமிடலாம். ஆராதனை இறைவனுக்கு மட்டுமே உரியது, புனிதருக்குச் செலுத்துவது வணக்கம் என்பதைப் பிள்ளைகளுக்கு அப்போதே விளக்கிவிடுங்கள். மலையாளம் பேசும் அயலாரையும் அழைத்து, ஒரு செபத்தை அவர்களுடைய மொழியிலேயே சொல்லச் செய்வது நல்லது.

வீட்டில் நோயாளி இருந்தால், அம்பை முன்னறையிலேயே நிறுத்திவிடாதீர்கள். என் தாயார் படுக்கையில் கிடந்த ஆண்டில், கூட்டம் அவசரமாக அடுத்த வீட்டுக்கு நகர்ந்துவிட்டதால், பாட்டுச் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு அவர் கண்ணீர் விட்டார். அது இன்றும் என்னை வருத்துகிறது. ஆகவே அன்பியப் பொறுப்பாளரிடம் முன்பே சொல்லிவைத்து, கட்டிலருகே செபமாலையின் ஒரு பத்து மணியாவது சொல்லி முடிக்கும்வரை அம்பை அங்கே வைத்திருக்கக் கேளுங்கள். அடுத்த வீட்டு வாசல்வரை சென்று அம்பை ஒப்படைத்த பின், குடும்பத்தில் ஒருவர் திரும்பி வந்து நோயாளியின் அருகில் அமர்ந்து, அங்கு ஏற்றிய மெழுகுதிரி எரிந்து முடியும்வரை உடனிருக்கட்டும்.