பிஎஸ்4-ல் இடம் தீர்ந்தால் கேமை அழிக்காதீர்கள், ஹார்ட் டிஸ்க் போடுங்கள்

ஆரணியில் இருக்கும் அக்கா பையன் போன வாரம் போன் பண்ணினான். "இன்னா சித்தி, இடம் இல்லன்னு வருது. எந்த கேமை அழிக்கறது?" எதையும் அழிக்காதே என்றேன். அவனுடையது 500 ஜிபி பிஎஸ்4, அதாவது டிவியில் மாட்டி ஆடும் பிளேஸ்டேஷன் 4 கேம் கன்சோல். பெரிய கேம் ஒன்றே 100 ஜிபி பிடிக்கிறது, நாலு ஏற்றினால் முடிந்தது. அழித்துவிட்டு வேண்டும்போது திரும்ப இறக்கிக்கொள்ளலாம்தான். ஆனால் 40 எம்பிபிஎஸ் இன்டர்நெட் லைனில் 100 ஜிபி இறங்க ஐந்தரை மணி நேரம் ஆகும். கோடையில் எங்கள் வேலூர் சத்துவாச்சாரி வீட்டில் அதற்குள் ஒரு முறையாவது கரண்ட் போய்விடும். அதனால் வெளி ஹார்ட் டிஸ்க்தான் நல்ல வழி.

டிஸ்க் 250 ஜிபிக்குக் குறையாமலும் 8 டிபிக்கு (ஒரு டிபி என்றால் சுமார் ஆயிரம் ஜிபி) மேல் போகாமலும் இருக்க வேண்டும். யூஎஸ்பி 3.0 கட்டாயம். நான் வைத்திருப்பது கையடக்கமான 2 டிபி. கன்சோலிலிருந்தே கரண்ட் எடுத்துக்கொள்ளும், தனி அடாப்டர் வேண்டாம். பிஎஸ்4 வெளி டிஸ்க்கில் கேம் போடும் வசதியைப் பெற்றது 2017 மார்ச்சில், 4.50 அப்டேட்டில். செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய பெட்டி என்றால் முதலில் அப்டேட் போடுங்கள்.

கேபிளில் ஒரு விஷயம். பல கையடக்க டிஸ்க்குகளின் வாய் அகலமாக, ஒரு பெரிய பள்ளமும் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளமுமாக இருக்கும். அந்தப் பெரிய பள்ளத்தில் பழைய போன் சார்ஜர் கேபிளும் கச்சிதமாக உட்காரும். என் கேபிள் பிய்ந்தபோது அவசரத்துக்கு அப்படித்தான் செருகினேன். டிஸ்க்கில் லைட் எரிந்தது, ஆனால் கன்சோல் ஏற்றுக்கொள்ளவில்லை. போன் கேபிள் யூஎஸ்பி 2.0 வேகம்தான் தரும், அது போதாது. டிஸ்க் கெட்டுவிட்டது என்றே இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இரட்டைத் தலை உள்ள சரியான கேபிள் வாங்கி மாட்டியதும் வேலை செய்தது. யூஎஸ்பி ஹப் வைத்தும் செருகக் கூடாது, நேராகக் கன்சோலிலேயே செருகுங்கள்.

அடுத்தது ஃபார்மேட். செட்டிங்ஸ், அதில் டிவைசஸ், அதில் யூஎஸ்பி ஸ்டோரேஜ் டிவைசஸ். உங்கள் டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து 'ஃபார்மேட் ஆஸ் எக்ஸ்டெண்டட் ஸ்டோரேஜ்' கொடுக்க வேண்டும். ஓகே அழுத்துவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். அப்பாவின் அறுபதாம் கல்யாணம் திருக்கடையூரில் நடந்தது. அந்தப் போட்டோக்கள் ஒரு டிஸ்க்கில் இருந்தன, பாதிக்கு மேல் காலி. மீதி இடத்தில் கேம் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்து அழுத்தினேன். பிஎஸ்4 பாதி டிஸ்க் எடுத்துக்கொள்ளாது, முழுவதையும் துடைத்துவிட்டுத்தான் எடுத்துக்கொள்ளும். தம்பி போனில் இருந்த முப்பது சொச்சம் படங்கள்தான் மிஞ்சின. பாட்டி அப்பாவுக்குத் திருநீறு பூசிவிடும் படம் அதில் இல்லை. கேமுக்கென்று புது டிஸ்க்காகவே வாங்குங்கள்.

ஃபார்மேட் ஆன டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் செருகினால் அது படிக்கத் தெரியாமல் "ஃபார்மேட் செய்யவா?" என்று கேட்கும். கேன்சல் கொடுத்துவிட்டு எடுத்துவிடுங்கள்.

இதற்குப் பிறகு புதிதாக இறக்குகிற கேம் எல்லாம் தானாக டிஸ்க்குக்கே போகும். ஏற்கெனவே உள்ளே இருப்பதை மாற்ற, செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் போய், சிஸ்டம் ஸ்டோரேஜில் (கன்சோலின் உள் டிஸ்க்) அப்ளிகேஷன்ஸ் திறந்து, கன்ட்ரோலரில் ஆப்ஷன்ஸ் பட்டனை அழுத்தி 'மூவ் டு எக்ஸ்டெண்டட் ஸ்டோரேஜ்' கொடுங்கள். 60 ஜிபி நகர எனக்குக் கால் மணிக்கு மேல் ஆனது. டிஸ்க்கிலிருந்தே நேராக விளையாடலாம். சிடி போட்டு ஏற்றிய கேமுக்கு மட்டும் எப்போதும்போல சிடி உள்ளே இருக்க வேண்டும். லோடிங் வேகமாகுமா என்றும் பையன் கேட்டான். சாதா ஹார்ட் டிஸ்க்கில் பெரிய வித்தியாசம் தெரியாது. காசு இருந்தால் எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்) வாங்கலாம், அதில் தெரியும்.

கன்சோல் ஓடும்போதோ ரெஸ்ட் மோடில் (தூங்கும் நிலையில்) இருக்கும்போதோ டிஸ்க்கைப் பிடுங்கக் கூடாது. செட்டிங்ஸில் அதே யூஎஸ்பி ஸ்டோரேஜ் டிவைசஸ் போய் 'ஸ்டாப் யூசிங் திஸ் எக்ஸ்டெண்டட் ஸ்டோரேஜ்' கொடுத்துவிட்டு எடுங்கள், இல்லை என்றால் முழுக்க ஆஃப் செய்துவிட்டு எடுங்கள். கரண்ட் கட்டும் டிஸ்க்குக்குப் பிடுங்குகிற மாதிரிதான். எழுதிக்கொண்டிருக்கும்போது போனால் கேம் கெடலாம். எங்கள் வீட்டு இன்வெர்ட்டர் லைன் ஃபேனுக்கும் லைட்டுக்கும் மட்டும்தான் இருந்தது. எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் சொல்லி டிவி பக்கத்து பிளக்குக்கும் இழுத்துவிட்டேன்.

வேலூர் வெயிலையும் யோசிக்க வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. டிஸ்க்கைக் கன்சோல் மேலேயோ, சூட்டுக் காற்று வெளியே வரும் பின்பக்கத்திலோ வைக்காதீர்கள். நான் கடப்பா கல் அலமாரியில், கன்சோலிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்திருக்கிறேன். மத்தியானம் மூன்று மணிக்குத் தொட்டாலும் வெதுவெதுப்புதான்.

பிஎஸ்5 வாங்கினாலும் இந்த டிஸ்க் வீணாகாது. அப்படியே செருகி பிஎஸ்4 கேம்களை ஆடலாம். பிஎஸ்5 கேம்களை மட்டும் இதிலிருந்து ஆட முடியாது, 2021 ஏப்ரல் அப்டேட்டிலிருந்து வைத்துக்கொள்ள மட்டும் முடிகிறது. ஆடும்போது உள்ளே நகர்த்த வேண்டும். அப்போதும் திரும்ப இறக்குவதைவிட இது சீக்கிரம் முடியும்.

டிஸ்க்குக்குப் போவது கேம் மட்டும்தான். நீங்கள் எந்த லெவல் வரை வந்தீர்கள் என்கிற சேவ் எல்லாம் கன்சோலுக்குள்ளேயே இருக்கும், கன்சோல் போனால் அதுவும் போகும். எக்ஸ்டெண்டட் டிஸ்க்கில் அதைக் காப்பி எடுக்க முடியாது. எக்ஸ்ஃபேட் என்கிற வகையில் ஃபார்மேட் செய்த ஒரு பென்டிரைவை இன்னொரு போர்ட்டில் செருகி, செட்டிங்ஸில் 'அப்ளிகேஷன் சேவ்டு டேட்டா மேனேஜ்மென்ட்' போய், சிஸ்டம் ஸ்டோரேஜில் இருப்பதை யூஎஸ்பிக்கு காப்பி கொடுங்கள். பையன் இரண்டு வருஷமாக ஆடுகிற கிரிக்கெட் கேமின் சேவ் இன்னும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆரணிக்குப் போகும்போது 32 ஜிபி பென்டிரைவ் ஒன்றை எடுத்துப்போகிறேன்.