போட்டோ போட்டியை தம்பி கையில குடுத்த கதை

எங்க குரூப்ல மாசாமாசம் நடக்குற போட்டோ போட்டிய நாலு வருஷமா நான்தான் பாத்துட்டிருந்தேன், குழந்தை பொறந்தப்புறம் முடியல, சரின்னு ஒரு தம்பிகிட்ட ஒப்படைச்சேன். படம் வாங்குற கூகுள் ஃபார்ம்ல அவனை எடிட்டரா சேத்துட்டு வேலை முடிஞ்சுதுன்னு நிம்மதியா இருந்தா, மூணாவது நாளே "அண்ணா யாராலயும் படம் அப்லோட் பண்ண முடியல"ன்னு மெசேஜ்.

பாத்தா, எடிட்டர் யாரா இருந்தாலும் படமெல்லாம் ஃபார்ம் ஓனரோட டிரைவுக்குத்தான் போகுது, என்னோட ஃப்ரீ 15 ஜிபி நிறைஞ்சு கெடக்கு (பாதி என் கல்யாண வீடியோ, அது வேற கதை). ஃபோல்டர மட்டும் அவன் பேருக்கு மாத்தி பாத்தேன், உள்ள இருக்குற ஃபைல் எல்லாம் என் பேர்லயே நிக்குது. கடைசில அவன் அக்கவுண்ட்ல ஃபார்மை ஒரு காப்பி எடுக்க சொன்னேன், அதுல ரீஸ்டோர்னு கேக்கும், அதை அமுக்குனாதான் அப்லோட் வேலை செய்யும். பழைய ஃபார்மை மூடி புது லிங்க்கை அங்க எழுதிட்டேன்.

இன்னொரு தலைவலி, தம்பி பாவம் வாட்சப்லயே படம் வாங்க ஆரம்பிச்சுட்டான். போட்டோவா அனுப்புனா சைஸும் சுருங்கும், எக்ஸிஃபும் (எடுத்த தேதி மாதிரி படத்துக்குள்ளயே பதிவாகுற விவரம்) போயிடும், எப்ப எடுத்த படம்னு எப்படி செக் பண்றது? டாக்குமெண்டா அனுப்ப சொல்லுடான்னேன்.

மார்க் சமமா வந்தா என்ன பண்றதுங்கிறது மட்டும் எங்கயும் எழுதல, என் மண்டைலதான் இருந்துச்சு. அதுக்கு இப்பவும் ராத்திரி பதினோரு மணிக்கு போன் வருது.